ஒரு சின்னக் கோடும் 480 ரூபாயும்

போன முறை காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையைப் பற்றி நான் புலம்பியதைப் படித்துவிட்டு, "உருப்படியா எதையாவது எழுதேன்டா" என்று வகுப்பு நண்பர்கள் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்த முறை சி மொழி. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு: நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். பட்டத்தின் பெயரிலேயே பாதி கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்தப் பாதியால் ஒருவருக்கு 480 ரூபாய் நஷ்டமான கதைதான் இது. நஷ்டம் பண்ணியது நான்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் ஓடிவிடாதீர்கள். டீக்கடையில் டீ சொல்லத் தெரிந்தால் போதும், இந்தக் கதை புரிந்துவிடும்.

எங்கள் வீடு ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். அப்பா சின்ன வயதில் மாடு ஓட்டிக்கொண்டு போன பக்கமெல்லாம் இப்போது காரும் லாரியும் டயரும் செய்கிறார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ரோட்டைக் கடக்க முடியாது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கி, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் மணி பார்ப்பதற்கு அந்த பஸ்களே போதும்.

நான் கல்லூரி முடிந்து சாயங்காலம் ஒரு லேபர் காண்ட்ராக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அவரிடம் 140 பேர். தர்மபுரி, விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் பாதி. ஒடிசா, பீகார் பக்கம் இருந்து வந்தவர்கள் மீதி. மாதம் முடிந்ததும் யார் யாருக்கு எத்தனை டூட்டி, எத்தனை மணி ஓ.டி., எத்தனை நைட் என்று பார்த்துச் சம்பளக் கணக்கு போடவேண்டும். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வகுப்பில் நடத்தியிருந்தார்கள். நைட் ஒன்றுக்கு இங்கே 40 ரூபாய் படி. கணக்கு இவ்வளவுதான்.

எக்செல்லில் போட்டால் முடிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடிந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். ஆனால் எனக்கு அப்போது சி மொழி மேல் பைத்தியம் பிடித்திருந்தது.

அந்தப் பைத்தியம் வந்த வழி இது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. பலபேர் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் போட்டுக்கொடுக்க ஆள் இல்லை, அதனால் பாஸ் பிழைத்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆன பிறகு லேப்டாப் என் கைக்கு வந்தது. கருப்பு டெர்மினலைத் திறந்து எதையாவது தட்டுவது, புரியாவிட்டால் 2012 முதல் வருகிற கணியம் இதழின் எளிய தமிழ்க் கட்டுரைகளைப் படிப்பது. இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கல்லூரி லேபில் எங்களுக்கு டர்போ சி. அந்த நீலத் திரையில் எல்லா புரோகிராமும் ஒரே மாதிரிதான். ஓட்டினால் "எண்ணைக் கொடு" என்று கேட்கும், கொடுக்கவேண்டும், விடையைச் சொல்லும். 140 பேருக்கு 3 கேள்வி வீதம் 420 தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். லினக்சில் இருக்கும் கட்டளைகள் அப்படிக் கேட்பதில்லை. வேண்டியதை எல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இங்கேதான் டீக்கடை வருகிறது.

"அண்ணே, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சர்க்கரை அரை ஸ்பூன்."

டீ என்பது கட்டளை. ஸ்ட்ராங் என்பது ஒரு ஆப்ஷன். அது தனியாக நின்றாலே அர்த்தம் முழுமை. சர்க்கரையும் ஆப்ஷன்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு அளவு வரவேண்டும். அந்த அளவுக்குப் பெயர் ஆர்கியுமெண்ட். டெர்மினலில் ஆப்ஷனுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். என் புரோகிராமுக்கு நான் வைத்த பெயர் கூலி. அதை இப்படி ஓட்டவேண்டும் (தட்டும்போது ஆங்கில எழுத்து, இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்):

கூலி -டி 26 -ஓ 14 -என் 12

26 டூட்டி, 14 மணி ஓ.டி., 12 நைட். இந்த வரியை சி மொழி துண்டு துண்டாக வெட்டி மெயின் ஃபங்ஷனிடம் கொடுக்கும். ஆர்க்சி என்பது எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை. ஆர்க்வி என்பது துண்டுகளின் வரிசை. எங்கள் பாடப்புத்தகத்தில் இது 5 மார்க் கேள்வி, அதோடு சரி. இதில் எது ஆப்ஷன், எது அதன் மதிப்பு, எது இரண்டிலும் சேராதது என்று பிரிப்பது புரோகிராம் எழுதுகிறவன் பாடு.

அந்தக் காலத்தில் ஆளாளுக்கு அதைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்தார்கள். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்தின் 1988 இரண்டாம் பதிப்பிலும், 5-ஆம் அத்தியாயத்தில், கோட்டைத் தேடி எழுத்து எழுத்தாகக் கையாலேயே பிரிக்கிற உதாரணம்தான் இருக்கிறது. பழைய யூனிக்ஸ் கட்டளைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜாதகம். டார் கட்டளைக்குக் கோடே இல்லாமலும் ஆப்ஷன் கொடுக்கலாம். டிடி கட்டளையில் சமக்குறி போடவேண்டும். ஃபைண்ட் கட்டளையில் ஒரு கோட்டுக்குப் பின்னால் முழுச் சொல்லே வரும். ஒரு கடையில் "சர்க்கரை கம்மி" என்றும், பக்கத்துக் கடையில் "கம்மி சர்க்கரை" என்றும் சொன்னால்தான் டீ கிடைக்கும் என்றால் எப்படி இருக்கும்?

இதற்காக ஏடி&டி நிறுவனத்தில் எழுதிய ஃபங்ஷன்தான் கெட்ஆப்ட். யூனிக்ஸ் சிஸ்டம் த்ரீயில் அது இருந்தது. 1985-இல் டல்லாஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூல நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரனான எனக்கு இதைப் படித்ததும் எங்கள் ஊரில் பிறந்த ராமானுஜர் ஞாபகம்தான் வந்தது. குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று பாட்டி கதை சொல்வாள். கெட்ஆப்டை மந்திரம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று அது கோபுரம் ஏறியதால்தான் இன்று ஒரகடத்தில் உட்கார்ந்து நான் அதைத் தப்பாகப் பயன்படுத்த முடிந்தது :-)

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. முதலில் ஒரு சின்ன எழுத்துச் சரத்தை அதனிடம் கொடுக்கவேண்டும். என்னுடையது இது:

"டி:ஓ:என்:"

எந்தெந்த எழுத்து ஆப்ஷன் என்பதன் பட்டியல் அது. எழுத்துக்குப் பின்னால் கோலன், அதாவது முக்காற்புள்ளி, இருந்தால் "இதற்கு ஒரு மதிப்பு வரும்" என்று அர்த்தம். பிறகு கெட்ஆப்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரு ஆப்ஷன் எழுத்தை எடுத்துக் கொடுக்கும். அதன் மதிப்பை ஆப்ட்ஆர்க் என்ற மாறியில் வைக்கும். ஆப்ஷன்கள் தீர்ந்ததும் -1 என்று சொல்லும். பட்டியலில் இல்லாத ஆப்ஷன் வந்தால் அதுவே திட்டும். இதையெல்லாம் கையால் எழுதினால் 50 வரி வரும். நான் 10 வரியில் முடித்தேன். மதிப்பு எழுத்தாக வருவதால் அதை எண்ணாக மாற்ற ஏடிஓஐ ஃபங்ஷன். அதை மட்டும் லேபிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

பஞ்சிங் மெஷினிலிருந்து டூட்டியும் நைட்டும் ஒரு ஃபைலாக வரும். ஓ.டி. மணியை சூப்பர்வைசர் அதிலேயே ஒரு கட்டத்தில் தட்டிவிடுவார். ஒவ்வொரு வரியாகப் படித்து, கூலியைக் கூப்பிடுகிற ஒரு ஷெல் ஸ்கிரிப்டும் எழுதினேன். முதல் மாதம் ஓட்டியபோது சில பேருக்கு "என் ஆப்ஷனுக்கு மதிப்பு வேண்டும்" என்று கெட்ஆப்ட் கத்தியது. பார்த்தால் நைட் போகாதவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. எல்லாவற்றிலும் 0 போட்டேன், சத்தம் நின்றது. அதோடு என் மனதில் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கட்டம் காலியாக இருந்தால் கெட்ஆப்ட் சும்மா விடாது, கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று.

நான்கு பேர் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. நான்கு பேருமே ஓ.டி. பார்த்தவர்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. 140 பேர் சம்பளம் அரை நொடியில் வந்துவிட்டது. காண்ட்ராக்டர் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். எனக்கு ஒரு ஸ்பெஷல் டீ வந்தது.

இரண்டாவது மாதம். சம்பளம் போட்டு நாலைந்து நாள் கழித்து அரூர் பக்கத்து அண்ணன் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். சி ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்த கண்.

"தம்பி, இந்த மாசம் நைட் காசு சேரல போல இருக்கே."

சம்பள ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே நைட் 0.

"நைட் ஜீரோன்னு இருக்குண்ணா. இப்பல்லாம் கம்ப்யூட்டர் போடற கணக்கு. தப்பு வராதுண்ணா."

"சரி தம்பி" என்று போய்விட்டார்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. நான் பார்த்தது என் புரோகிராம் எழுதித் தந்த ஷீட்டை. அது சரியா என்று கேட்கிறவருக்கு அதையே சாட்சியாகக் காட்டினேன். மெஷின் கொடுத்த ஃபைலைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் காலண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ நகைக்கடையில் கொடுத்தது. அந்த மாதத்தில் 12 தேதிகளைச் சுற்றி நீல பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் ஃபைலைத் திறந்தேன். அவர் வரியில் நைட் 12 என்று தெளிவாக இருந்தது.

மெஷினில் 12, காலண்டரில் 12, என் ஷீட்டில் மட்டும் 0. பன்னிரண்டு நாற்பது 480.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அவர் வரியை நானே கையால் தட்டினேன். கூலி -டி 26 -ஓ 0 -என் 12. சரியான விடை வந்தது! ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் நைட் 0. மறுபடி கையால் தட்டினால் 12. பேய் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையச் சந்திப்பில் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "கெட்ஆப்ட் முடிஞ்சதும் மிச்சம் ஏதாவது நிக்குதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மிச்சம் நிற்கும் என்றே எனக்குத் தெரியாது. பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன். திரையில் வந்தது: 12.

நடந்தது இதுதான். அந்த அண்ணன் அந்த மாதம் ஓ.டி. பார்க்கவில்லை. பார்க்காதவர்களுக்கு சூப்பர்வைசர் 0 போடுவதில்லை, கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். என் ஸ்கிரிப்டில் மாறிகளுக்கு மேற்கோள் குறி போடாமல் விட்டிருந்தேன். மேற்கோள் இல்லாத காலி மாறியை ஷெல் இருந்த சுவடே இல்லாமல் எடுத்துவிடும். அதனால் புரோகிராமுக்குப் போய்ச் சேர்ந்த வரி:

கூலி -டி 26 -ஓ -என் 12

கெட்ஆப்ட் -ஓ என்பதைப் பார்த்தது. பட்டியலில் ஓ-வுக்குப் பின்னால் கோலன் இருக்கிறது, எனவே மதிப்பு வரவேண்டும். அடுத்த துண்டு "-என்". அதைத் தூக்கி ஓ.டி.யின் மதிப்பாக வைத்துக்கொண்டது. கோடு போட்டு ஆரம்பிக்கிறதே, இது வேறு ஆப்ஷனாக இருக்குமோ என்றெல்லாம் அது யோசிப்பதில்லை. பிறகு ஏடிஓஐ அந்த "-என்" என்பதை எண்ணாக மாற்றப் பார்த்தது. எண் இல்லாததைக் கொடுத்தால் ஏடிஓஐ 0 என்று சொல்லிவிட்டுப் போய்விடும், தப்பு என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது. ஆக ஓ.டி. 0. அது சரியான விடையும்கூட! நைட் என்ற ஆப்ஷன் வரவே இல்லை. 12 மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது.

டீக்கடை மாஸ்டரிடம் போய் "சர்க்கரை ஸ்ட்ராங்கா அரை ஸ்பூன்" என்று உளறினால் "என்னா சொல்ற?" என்று திருப்பிக் கேட்பார். கெட்ஆப்ட், சர்க்கரையின் அளவு "ஸ்ட்ராங்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

கெட்ஆப்ட் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதன் கையேட்டைப் படித்த பிறகு குறைந்தது. அது அப்படிச் செய்யக் காரணம் இருக்கிறது. -5 என்ற எண்ணும் கோட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஓ.டி.யில் 5 மணி பிடித்தம் செய்ய யாராவது "-ஓ -5" என்று கொடுத்தால், அது மதிப்பா ஆப்ஷனா என்று ஊகிக்கப் போனால் இன்னும் பெரிய குழப்பம். மதிப்பு வரும் என்று கோலன் போட்டுச் சொன்னவன் நான். அடுத்து வந்ததை அது எடுத்துக்கொண்டது. முதல் மாதம் அது கத்தியதுகூட காலியைக் கண்டுபிடித்ததால் இல்லை. நைட் கடைசிக் கட்டம் என்பதால் எடுத்துக்கொள்ள அதற்குப் பின்னால் துண்டே இல்லை, அதனால் கத்தியது. ஆபத்தில்லாத இடத்தில் சத்தம் போட்டு, ஆபத்தான இடத்தில் சும்மா இருந்துவிட்டது. சத்தத்தை நம்பியது நான்.

என் வகுப்பு நண்பர்களுக்கு இந்த இடத்தில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம் ஞாபகம் வரவேண்டும். இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக இருந்தால் மட்டும் கணக்கு சரி என்று ஆகாது. முழு விடுபிழையை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் ஏறாத தொகை எந்தப் பக்கமும் இடிக்காது இல்லையா? என் ஷீட்டின் கூட்டுத்தொகையும் பேங்குக்குப் போன தொகையும் ரூபாய் சுத்தமாகச் சரியாக இருந்தன. இரண்டுமே ஒரே தப்பிலிருந்து வந்தவை. மறுபக்கம், இருப்பாய்வு இடித்தால் நாம் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவைத்து, அது யாருடையது என்று தேடுவோம். அனாமத்தில் ஒரு ரூபாய் நின்றாலும் ஆடிட்டர் விடமாட்டார். கெட்ஆப்டிலும் அதே வசதி இருக்கிறது. ஆப்ட்இண்ட் என்ற மாறி, ஆப்ஷன்கள் முடிந்து மிச்சம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லும். அது ஆர்க்சியைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ ஒன்று அனாமத்தாக நிற்கிறது. ஒரு வரி, ஒரே ஒரு "இஃப்". அதை நான் எழுதியிருந்தால் 12 அங்கே நிற்பது முதல் நாளே தெரிந்திருக்கும். நான்கு வருஷமாக அனாமத்துக் கணக்கு படித்தவன், தன் புரோகிராமில் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் முழுப் பட்டியலையும் சரியாக ஓட்டினேன். அந்த மாதம் நைட் போய், ஓ.டி. பார்க்காதவர்கள் 7 பேர். மொத்தம் 81 நைட். 3,240 ரூபாய். முதல் மாதத்திலும் பார்த்தேன், அதில் அப்படி யாரும் இல்லை.

சாரிடம் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் கூட்ரோட்டில் இரண்டு டீ குடித்தேன்.

"எவ்ளோ தம்பி?"

"3,240 சார்."

"வந்து கேட்டது எத்தினி பேரு?"

"ஒருத்தர் சார்."

அவர் ஒன்றும் சொல்லாமல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தால் 480-ஓடு முடிந்துவிடும், மற்ற 6 பேருக்கும் தெரியவே தெரியாது, என் தப்பும் சின்னதாகிவிடும். இது என் மனதில் வந்த நினைப்பு, யார்மேலும் போடமுடியாது. பிறகு அந்தக் காலண்டர் வட்டங்கள் ஞாபகம் வந்தன. "7 பேருக்கும் சேத்துப் போட்டுடலாம் சார், என் சம்பளத்துல வேணா பிடிச்சிக்கோங்க" என்றேன்.

"உன் சம்பளத்துல எதுக்கு? அடுத்த மாசத்துல அரியர்னு போடு. இனிமே ஒழுங்கா பாரு."

அவ்வளவுதான்.

6 பேருக்கு அடுத்த மாதச் சம்பளத்தோடு போய்ச் சேர்ந்தது. அரூர் அண்ணனிடம் நேரில் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "விடு தம்பி, வந்துருச்சில்ல" என்றார். ஏழாவது ஆள் 9 நைட் பார்த்தவர். அதற்குள் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் கொடுத்திருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. பேங்க் கணக்கும் மூடியிருக்கிறது, அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது. கூடத் தங்கியிருந்தவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

புரோகிராமைத் திருத்தினேன். ஸ்கிரிப்டில் எல்லா மாறிக்கும் மேற்கோள் குறி. காலியாக இருந்தாலும் "இங்கே ஒன்றுமில்லை" என்று ஒரு காலித் துண்டாகவே போய்ச் சேரும், பக்கத்தில் இருப்பதை விழுங்காது. ஏடிஓஐயைத் தூக்கிவிட்டு எஸ்டிஆர்டிஓஎல், அதாவது ஸ்ட்ரிங் டு லாங். இது எந்த எழுத்து வரைக்கும் எண்ணாகப் படித்தது என்று காட்டும். எண்ணே இல்லை என்றாலும் பாதியில் நின்றாலும் புரோகிராம் அந்த ஆளின் பெயரைச் சொல்லி நின்றுவிடும். கடைசியில் ஆப்ட்இண்ட் சோதனை. மொத்தம் 9 வரி கூடியது. இப்போது முதல் தடவை ஓட்டினால் மாதாமாதம் 20 பேருக்காவது கத்துகிறது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அரை நொடி வேலை இப்போது அரை மணி நேரம் ஆகிறது.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குப் பிறகு வருகிறவருக்கும் புரியட்டும் என்று ஆப்ஷன்களைத் தமிழில் வைக்கப் பார்த்தேன். -ஓ என்பதை அசல் தமிழ் எழுத்திலேயே! நடக்கவில்லை. கெட்ஆப்ட் பார்ப்பது எழுத்தை இல்லை, பைட்டை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ் எழுத்து 3 பைட். "அ" என்று ஒரு எழுத்து கொடுத்தால் அதை 3 தனித்தனி ஆப்ஷனாக எண்ணிக்கொள்கிறது. ஆனால் ஜிஎன்யூ திட்டத்தினர் சேர்த்த கெட்ஆப்ட்-லாங் என்ற அண்ணன் இருக்கிறார். இரண்டு கோடு போட்டு முழுச் சொல்லாக எழுதலாம். அவர் சொல்லை மொத்தமாக ஒப்பிடுவதால் தமிழ் அழகாக வேலை செய்கிறது:

கூலி --டூட்டி=26 --மிகைநேரம்=0 --இரவு=12

சமக்குறி போட்டு எழுதுவதில் இன்னொரு லாபம், வலதுபக்கம் காலியாக இருந்தாலும் அடுத்த ஆப்ஷனை விழுங்காது. ஒரு வேடிக்கையும் பார்த்தேன். சொல்லை முழுக்க எழுதாமல் முதல் சில எழுத்து கொடுத்தாலே கெட்ஆப்ட்-லாங் புரிந்துகொள்ளும். வேறு சொல்லோடு குழம்பாமல் இருந்தால் போதும். நான் "இரவு", "இருப்பு" என்று இரண்டு வைத்திருந்தேன். "--இர" என்று கொடுத்தால் இரண்டில் எது என்று கேட்கிறது. நம் கண்ணுக்கு "ரு" வேறு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது "ர"வும் அதற்குப் பின்னால் ஒரு உகரக் குறியும். இந்த முறை அது தானாக ஒன்றை முடிவு பண்ணாமல் திருப்பிக் கேட்டதே, எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

ஏழாவது ஆளின் 360 ரூபாயை சார் என் கையில் கொடுத்து "வந்தா குடு" என்று சொல்லிவிட்டார். கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கணக்கிலும் ஏற்றியிருக்கிறேன், கொடுபட வேண்டிய கூலி என்ற தலைப்பில், பொறுப்புகள் பக்கம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அந்த வரியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன். இதுவரை 5 பக்கம் ஆகிவிட்டது.

பி.கு.: கல்லூரி லேபில் கெட்ஆப்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆர்க்சியும் ஆர்க்வியும் சி மொழியின் தரத்திலேயே உண்டு. கெட்ஆப்ட் யூனிக்ஸ் வழியில் வந்த போசிக்ஸ் தரத்தைச் சேர்ந்தது, டர்போ சியின் நீலத் திரைக்கு அது தெரியாது. பழைய அரசு லேப்டாப் வீட்டுப் பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். அப்புறம் வேறு எங்காவது சம்பளக் கணக்கு போடுகிற நண்பர்கள் யாராவது இருந்தால், காலியாக இருக்கும் கட்டங்களை இன்றைக்கே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.